சிவசங்கரி திருப்பி வைத்த கண்ணாடி

சிவசங்கரி இதுவரை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவளுடைய தாய்மாமன் சொல்லும் கணக்கை நம்பிவிடுவீர்கள்.

ப்ளஸ் டூவில் வேதியியலுக்கு வாத்தியார் வராத வருஷத்தில் வேதியியலில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினாள். வாத்தியார் வராததால்தான் வாங்கினாள் என்று சொல்கிறவர்களும் மரக்காணத்தில் உண்டு. திண்டிவனம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே மூன்று வருஷம் படித்து பி.எஸ்.சி.யை முடித்தாள். பாண்டிச்சேரியில் எம்.எஸ்.சி. சேர்ந்தபோது இங்கிலீஷ் அவளை எதிர்த்து நின்றது. இரண்டாவது செமஸ்டரில் அதுவே அலுத்துப்போய் ஒதுங்கிக்கொண்டது. இருபத்து மூன்றுக்குள் கல்யாணம் ஆகாவிட்டால் அப்புறம் யோகமே இல்லை என்று சொன்ன ஜோசியரையும் ஜெயித்தாள். அவளுக்கு இருபத்து நாலு நடந்தபோது அவர் கடையைக் காலிசெய்துகொண்டு செய்யூர் பக்கம் போய்விட்டார். யோகம் யாருக்கு இல்லாமல் போனது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

தாய்மாமன் குப்புசாமியை மட்டும் அவள் ஜெயிக்கவில்லை. உப்புத் தரகு செய்கிற மனிதரைப் பேச்சில் ஜெயித்தவர் அந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேலையை ஜெயித்தாள். கீழ்புத்துப்பட்டைத் தாண்டி, ஈ.சி.ஆர். சாலை ஓரமாக, சவுக்குத் தோப்புக்குள் இருக்கிற ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த அட்டையில் 'தற்காலிகம்' என்ற சொல் அவளுடைய பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. அவள் மறந்துவிடக் கூடாது என்கிற அக்கறையாக இருக்கலாம். அங்கே ஒரு மிஷின் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர் வெளிநாடு போய்விட்டதால் புத்தகத்தைப் பார்த்து ஓட்டக் கற்றுக்கொள்ளும் பாக்கியம் சிவசங்கரிக்குக் கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே குப்புசாமி வந்துவிட்டார். தன் தங்கச்சி, அதாவது சிவசங்கரியின் அம்மா, பொன்னம்மாள் கொடுத்த டீயை உறிஞ்சியபடி விசாரணையை ஆரம்பித்தார்.

"ஏம்மா, அந்த மிஷினு இன்னாதான் பண்ணுது?"

"லைட்ட உள்ள விடும் மாமா. அதுல எவ்ளோ முழுங்கிடுச்சின்னு பாக்கும்."

"லைட் போட்டுப் பாக்கறதுக்கு எம்.எஸ்.சி.யா? நம்ம மணிகண்டன் ஐ.டி.ஐ.தான். தெருவுக்கே லைட் போடறான்."

"இது வேற லைட்டு மாமா. முறுக்கிக்கினே போற லைட்டு."

"முறுக்கா? எங்க சுடறாங்க?"

பொன்னம்மாள் சிரித்துவிட்டாள். சிவசங்கரி சிரிக்கவில்லை. உள்ளே போய், சாக்கு மூட்டை கட்டுகிற கயிற்றில் ஒரு முழத்தை எடுத்துவந்து அண்ணன் சரவணகுமார் கையில் கொடுத்தாள். அவன் பத்தாம் வகுப்போடு நின்று உப்பளத்துக்குப் போனவன். தங்கச்சி எதைக் கையில் கொடுத்தாலும் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொள்வான்.

அவள் சொன்னது இதுதான். சில பாலிமர்கள் நூல் மாதிரி நீளமானவை. அவற்றிலும் சில, இந்தக் கயிற்றுப் பிரி மாதிரி முறுக்கிக்கொண்டு இருக்கும், வலப்பக்கமாக அல்லது இடப்பக்கமாக. அது கண்ணுக்குத் தெரியாது, சாதாரண பூதக்கண்ணாடிக்கும் தெரியாது. அதனால் மிஷின் ஒளியையே திருகாணி மாதிரி சுழல விடும். ஒரு தடவை வலமாக, அடுத்த தடவை இடமாக, கண் சிமிட்டுவதற்குள் பல்லாயிரம் தடவை மாற்றி மாற்றி. முறுக்கு உள்ள பாலிமர் அந்த இரண்டையும் ஒரே அளவு விழுங்காது. ஒன்றை ஒரு துளி அதிகம் விழுங்கும். அந்த ஒரு துளி வித்தியாசத்தை மிஷின் கோடாக வரையும். கோடு மலையாக ஏறினாலோ பள்ளமாக இறங்கினாலோ உள்ளே முறுக்கு இருக்கிறது. எந்தப் பக்கத்து முறுக்கு என்பதை, ஏற்கெனவே பக்கம் தெரிந்த அதே ஜாதிப் பாலிமரின் கோட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

குப்புசாமி முழுவதையும் கேட்டார். "சரி, அது வலதா இருந்தா இன்னா, இடதா இருந்தா இன்னா?" என்றார்.

"வலது கால் செருப்ப இடது கால்ல மாட்டிக்கினு செங்கல்பட்டு வரைக்கும் நடந்து பாருங்க மாமா."

"நான் எதுக்கு நடக்கணும்? பஸ்ல போறேன்."

மேலே சொன்ன மாதிரி, அவரை ஜெயிக்க முடியாது.

அந்த ஆய்வகத்தில் முதல் நாளே அவளுக்குச் சொல்லப்பட்ட விதி, உப்பு உள்ளே வரக் கூடாது என்பது. உப்புக் கரைந்த தண்ணீர், மிஷினுக்குத் தேவையான ஒளியைத் தானே விழுங்கிவிடும். அப்புறம் பாலிமர் எதை விழுங்கியது என்று பார்க்க ஒன்றும் மிஞ்சாது. தாத்தா காலத்திலிருந்து உப்பில் நின்ற குடும்பத்துப் பெண்ணுக்கு இப்படி ஓர் இடத்தில்தான் வேலை எழுதியிருந்தது. தினமும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். ஊரே காற்றில் உப்பாக இருக்கிறபோது கையைக் கழுவி என்ன பிரயோஜனம் என்று யாரும் கேட்கவில்லை. விதி விதிதான்.

ஆய்வகத்தின் தலைவர் கார்த்திகேசன். எல்லோருக்கும் சார். அவரிடம் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் பூஜா ஒரு புதிய பாலிமரைச் செய்திருந்தாள். அதற்கு முறுக்கு உண்டு, அதுவும் வலது முறுக்கு என்பது சாரின் நம்பிக்கை. நம்பிக்கை முதலில் வந்துவிட்டது. அளவுதான் வர வேண்டியிருந்தது.

அளப்பதற்குப் பாலிமரைக் கரைத்து, குவார்ட்ஸ் என்கிற கண்ணாடியில் செய்த ஒரு சில்லின் மேல் மெல்லிய படலமாகப் பூச வேண்டும். பூஜா பூசியதெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி வந்தது. ஒரு நாள் சிவசங்கரி, "குடும்மா, நான் இழுத்துப் பாக்கறேன்" என்று வாங்கினாள். கண்ணாடித் தண்டின் விளிம்பைச் சில்லின் தூர மூலையில் வைத்து, தன் பக்கமாகச் சாய்வாக ஒரே இழுப்பு. படலம் சலவைக்கல் மாதிரி பளபளவென்று வந்தது.

அது ஆராய்ச்சி நிலையத்தில் கற்ற வித்தை இல்லை. பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் பாத்தி வரப்பில் நின்று உப்பு வாரிய கை அது. வாருகிற பலகையைத் தூரத்தில் வைத்து, சாய்வாகத் தன் கால் பக்கம் இழுக்க வேண்டும். ஒரே வேகத்தில், ஒரே பக்கமாக. திருப்பித் தள்ளக் கூடாது. தள்ளினால் அடியிலிருக்கிற சேறு கிளம்பி உப்பு கறுத்துவிடும். கறுத்த உப்பைக் குப்புசாமி எந்த விலைக்கு எடுப்பார் என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த வீட்டில் யார் கைக்கும் திருப்பித் தள்ளத் தெரியாது. அவள் வீட்டுத் தரையைத் துடைத்தால்கூட ஒரு பக்கமாகத்தான் துடைப்பாள்.

படலத்தை மிஷினில் வைத்தார்கள். கோடு மலையாக ஏறியது. சாதாரண மலை இல்லை. பூஜா செய்த பழைய படலங்களில் கரையான் புற்று அளவுக்குக்கூட ஏறாத கோடு, இப்போது திரையின் மேல் விளிம்பை முட்டியது.

சார் வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "சிவசங்கரி கைக்கு ஒரு ராசி இருக்கு" என்றார். பெரிய பெரிய கருவிகளை வாங்கி வைத்திருந்த அந்தக் கட்டடத்தில் ராசி என்ற சொல்லை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. இனிமேல் படலம் எல்லாம் அவள்தான் இழுக்க வேண்டும் என்று முடிவானது. சார் கட்டுரை எழுத உட்கார்ந்தார். வலது முறுக்கு, இதுவரை யாரும் பார்த்திராத அளவுக்குப் பலமான முறுக்கு. அந்தக் கட்டுரையைக் காட்டி, ஆய்வகத்துக்குப் பணம் வருகிற திட்டத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கக் கேட்கப் போகிறார். நீட்டித்தால் சிவசங்கரியின் வேலையும் நீளும். நீட்டிக்காவிட்டால் ஆகஸ்டோடு சரி.

"உன் பேரும் பேப்பர்ல வருதும்மா. ஆறாவது" என்றார் சார்.

வீட்டில் சொன்னபோது சரவணகுமாருக்கு மட்டும் கொஞ்சம் குறை. "இழுத்தது நீ. பேர் ஆறாவதா?" என்றான். மற்றபடி அந்த வாரம் உப்பளத்தில் அவனோடு வேலை செய்தவர்கள் எல்லோரும், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முறுக்குள்ள பாலிமரைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள்.

ஜூலை மாதத்தில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மிஷினின் விளக்கு அணைந்துவிட்டதால் சிவசங்கரி சில்லை வெளியே எடுத்து, துணியால் மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். கரண்ட் வந்து விளக்குச் சூடேறிய பிறகு சில்லைத் திரும்ப வைத்து ஓட்டினாள். மலை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. அதே இடம், ஏறக்குறைய அதே அளவு, தலைகீழாக.

முதலில் மிஷினைச் சந்தேகப்பட்டாள். பிறகு கரண்டை. பிறகு, நியாயமே இல்லாமல், பூஜாவை. கடைசியில்தான் கவனித்தாள். சில்லின் மூலையில் அவள் போட்டிருந்த மைப்புள்ளி மறு பக்கத்தில் இருந்தது. முன்புறம் பின்புறமாக வைத்திருக்கிறாள். எடுத்துத் திருப்பி வைத்தாள், மலை. மறுபடி திருப்பினாள், பள்ளம்.

அப்படி வரக் கூடாது. ஏன் என்றால், அண்ணனிடம் கொடுத்த அந்தக் கயிற்றை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் அதன் முறுக்கு மாறாது. வலது பிரி, திருப்பிப் பிடித்தாலும் வலது பிரிதான். பாலிமரும் அப்படித்தான். படலத்தைத் திருப்பி வைத்ததும் கோடு கவிழ்ந்துவிடுகிறது என்றால், அந்தக் கோடு சொல்வது முறுக்கைப் பற்றி இல்லை. திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. அவள் சேர்ந்த புதிதில் சாரே சொல்லியும் இருக்கிறார். ஆனால் அவ்வளவு அழகான மலையைத் திருப்பிப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

அலமாரியிலிருந்து ஒளியை ஒரே வாக்கில் மட்டும் உள்ளே விடுகிற போலராய்டு கண்ணாடிகள் இரண்டை எடுத்து, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிடித்து, நடுவில் படலத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றினாள். ஓர் இடத்தில் இருட்டாகி, இன்னோர் இடத்தில் வெளுத்தது. வெளுத்தபோது படலம் முழுக்கக் கோடு கோடாகத் தெரிந்தது. தூர மூலையிலிருந்து அவள் நின்ற மூலைக்கு, சாய்வாக, ஒன்றை ஒன்று தொடாமல். வாரி முடித்த பாத்தி எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் இழுத்த இழுப்பில் பாலிமர் நூல்கள் எல்லாம் ஒரே சாய்வில் படுத்துக்கொண்டன. அப்படி வரிசையாகப் படுத்த நூல்களும் ஒளியை ஒரு பக்கமாக விழுங்கி மிஷினை ஏமாற்றும், முறுக்கே இல்லாவிட்டாலும். திருப்பி வைத்தால் சாய்வு மறுபக்கம் போகும், கோடு கவிழும். இதுவரை யாரும் பார்த்திராத அந்தப் பலமான முறுக்கு, மரக்காணத்து உப்புப் பலகையின் முறுக்கு. சாரின் வார்த்தையில், ராசி.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொன்னாள். குப்புசாமியும் இருந்தார். நல்லது கெட்டது எதுவானாலும் அவர் எப்படியோ இருந்துவிடுவார்.

பொன்னம்மாள் எடுத்த எடுப்பிலேயே, "யாருக்கும் தெரியாது இல்ல? அப்புறம் இன்னா?" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா."

"நீ யாருடி? ஆறாவது பேரு."

சரவணகுமார் ரொம்ப நேரம் யோசித்தான். அவன் யோசித்துச் சொன்னது, "உன் கையாலதான அவ்ளோ பெரிசா வந்துது? அப்ப உன் பேரத்தான் முதல்ல போடணும்" என்பது. தங்கச்சி மேல் அவனுக்கு இருந்த பெருமைக்கு முன்னால் விஞ்ஞானம் எம்மாத்திரம்.

குப்புசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "மூணு வருஷ வேலைய நீயே வேணாங்கற. வேணாம், விடு. கைதான் நல்லா இருக்கே. நாளைக்கே பலகைய எடுத்துக்கினு பாத்தியில எறங்கு. நானே சரக்கு எடுத்துக்கறேன்."

"மாமா, இந்தப் பேப்பரப் படிச்சிட்டு வேற ஊர்ல ஒருத்தன் இதே பாலிமரச் செய்வான். அவன் நம்மள மாதிரி இழுக்க மாட்டான். அவனுக்கு மலை வராது. எங்கடான்னு சாருக்கு எழுதிக் கேப்பான்."

"கேட்டா?"

"என் கைய வெட்டி பார்சல்லதான் அனுப்பணும்."

"கூரியர்ல அனுப்பு. சீக்கிரம் போவும்" என்றார் அவர். ஆனால் மிச்ச டீயைக் குடிக்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் விஷயத்தில் அது பெரிய சமாச்சாரம்.

திங்கட்கிழமை அவள் கண்ணாடித் தண்டைத் தொடவில்லை. சில்லை மட்டம் பார்த்து வைத்து, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தானாகப் பரவிக் காயட்டும் என்று விட்டாள். இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, சரிசெய்யக் கூடாது. அவளுக்கு அந்த ஆய்வகத்தில் அதைவிடக் கஷ்டமான வேலை ஏதும் இருந்ததில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூஜா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, குளிருதா?" என்றாள்.

போலராய்டு கண்ணாடிக்கு நடுவில் அந்தப் படலம் எப்படிச் சுழற்றினாலும் இருட்டாகவே இருந்தது. வரிசை இல்லை, சாய்வு இல்லை. முன்பக்கம் வைத்து ஓட்டினாள். கோடு ஒரு சின்னப் பள்ளம். திருப்பி வைத்தாள். அதே பள்ளம். கால்வாசி சுழற்றி வைத்தாள். அதே பள்ளம். பூசாமல் வெறும் கரைசலாக வைத்து ஓட்டினாள். வடிவம் மாறாத அதே பள்ளம். பக்கம் தெரிந்த பாலிமரின் கோட்டைப் பக்கத்தில் வைத்தாள். முறுக்கு இருக்கிறது. சின்னது. இடது.

பூஜாவிடம்தான் முதலில் சொன்னாள். பூஜா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் மூணு வருஷம்க்கா."

"உன் மூணு வருஷம் இந்தப் பள்ளத்துல இருக்குதும்மா."

"இவ்ளூண்டு?"

"இவ்ளூண்டுதான் நீ செஞ்சது. பெரிசா தெரிஞ்சது எல்லாம் நான் செஞ்சது."

பூஜா ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "ஆனா முறுக்கு இருக்குதில்ல?" என்றாள்.

"எந்தப் பக்கம் திருப்பினாலும் இருக்குது."

சார் வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்புவதாக இருந்தார். அன்று காலையில் மூன்று கோடுகளையும் சிவசங்கரி அவருடைய மேஜையில் வைத்தாள். மலை, அதைத் திருப்பியபோது வந்த பள்ளம், இழுக்காத படலத்தின் சின்னப் பள்ளம். அவர் விஷயம் தெரிந்த மனிதர், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே முதல் இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"திருப்பி வச்சீங்களா?"

"தெரியாமத்தான் சார் வச்சேன். அப்புறம் தெரிஞ்சே வச்சேன்."

"படலத்த எப்படி இழுப்பீங்க?"

காட்டினாள். வெறும் காற்றில், தூரத்திலிருந்து தன் பக்கமாக, சாய்வாக.

"யாரு இப்படி இழுக்கச் சொன்னாங்க?"

"அங்க அப்படித்தான் சார் இழுப்போம்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவருடைய ஜன்னலிலிருந்து தெரிவது சவுக்குத் தோப்பு மட்டும்தான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். "எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே ஒரு சின்ன டவுட் இருந்துது" என்றார். சிவசங்கரி ஆமாம் சார் என்றாள். அந்த ஆமாமுக்கு அவள் சம்பளத்தில் தனியாக ஏதும் சேர்க்கவில்லை.

பிறகு அவர் இழுக்காத படலத்தின் தாளை எடுத்தார். ஒவ்வொரு அளவுத் தாளின் அடியிலும் 'அளந்தவர்' என்று ஓர் இடம் உண்டு. தற்காலிக ஊழியர்கள் அதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது நிலையத்தின் விதி. அதனால் அவள் அளந்த எல்லாத் தாளிலும் அளந்தவர் கார்த்திகேசன்தான். மலைத் தாள்களில் அவருடைய கையெழுத்து நல்ல நீளமாக, கடைசியில் ஒரு வளைவோடு இருக்கும். இப்போது பேனாவைத் திறந்தார். பள்ளத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"இவ்ளோ சின்ன சிக்னல்ல நான் என் பேர வைக்க முடியாதும்மா. நாளைக்கி யாராவது கேட்டா நான்தான் பதில் சொல்லணும். நீங்கதானே அளந்தீங்க? நீங்களே போட்டுக்குங்க."

"தற்காலிகம் போடக் கூடாதுன்னு சொல்வீங்களே சார்."

"இதுல போடலாம்."

"ரென்யூவல் சார்?"

"கட்டுரைய முதல்லேர்ந்து எழுதணும். அதுக்கு யாராவது அளக்கணும் இல்ல? ஆறு மாசம் சொல்லிப் பாக்கறேன். அப்புறம் பாப்போம்."

மூன்று வருஷம் போய் ஆறு மாசம் வந்தது. அந்த ஆறு மாசமும் சொல்லித்தான் பார்க்கப் போகிறார். தாளை அவள் பக்கமாகத் தள்ளினார்.

அவள் அந்தத் தாளை நின்றபடியே ஒரு தரம் முழுக்கப் படித்தாள். மாதிரியின் பெயர் சரி. அளவுகள் சரி. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் அளந்ததாக எழுதியிருந்தது. மேஜை ஓரத்தில் தாளை வைத்து, சார் நீட்டாததால் தன்னுடைய பேனாவையே எடுத்து, சுருக்காமல், வளைவு எதுவும் வைக்காமல், தமிழில் எழுதினாள்.

அளந்தவர்: க. சிவசங்கரி, 9 ஆகஸ்ட் 2024.